ஒட்டும் காசும் ஒட்டாக் காசும்: தாமிரபரணி மணலில் நாணயம் தேடுதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

தாமிரபரணியில் முழுகிக் காசு போடுவதன் பலனைப் பெரியோர் பலரும் சொல்லிவிட்டார்கள். போட்ட காசை எடுப்பதன் நுட்பத்தை எவரும் ஏட்டில் ஏற்றவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம்: பாபநாசம் தொடங்கி, குறுக்குத்துறை வழியாக, திருச்செந்தூர்க் கடற்கரை வரை. ஆறு கடலில் கலப்பது புன்னைக்காயலில் அல்லவா என்று குறுக்குக் கேள்வி வரலாம். ஆறு அங்கேதான் கலக்கிறது. பக்தர்கள் கலப்பது திருச்செந்தூரில். ஆய்வு பக்தர்களின் பின்னால் போகிறது.

திருச்செந்தூரில் தேடுவோர் அலை பின்வாங்கும் இடத்தில் மணலை அள்ளிச் சலிப்பவர்கள். சல்லடைக்கு உலோக பேதமில்லை. காசும் வரும், கம்மல் திருகும் வரும், சிப்பியும் வரும். கோட்பாட்டளவில் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆற்றுப் படித்துறைப் பையன்களோ காந்தவாதிகள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நைலான் கயிற்றில் கட்டி, ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்ததும் தண்ணீருக்குள் வீசி இழுப்பார்கள். படியில் துணி துவைக்கும் ஆச்சி, “ஏலே, என்னத்தலே தேடுத?” என்று கேட்பதே இத்துறையின் வாய்மொழித் தேர்வு.

காந்தத்துக்கு இரும்பும் நிக்கலும்தான் கண்ணில் படும். செம்பு, பித்தளை, வெள்ளி, பொன், அலுமினியம் எதுவும் படாது. பெருவழுதி பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசு காலடியில் கிடந்தாலும் உரசிவிட்டுப் போய்விடும். அதன் கணக்கில் சோழர் இல்லை, விக்டோரியா ராணியும் இல்லை. இந்திய நாணய வரலாறே 1946இல், ஆறாம் ஜார்ஜின் நிக்கல் காசில்தான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு புலி போட்ட ரூபாய். எழுபதுகளின் நடுவில் ரூபாயும் செம்பு-நிக்கல் கலவைக்கு மாறியது. முக்கால் பங்கு செம்பு, காந்தம் குருடாயிற்று. 1988இல் சில்லறைப் பைசாக்கள் துருப்பிடிக்காத எஃகில் வந்த பிறகே பார்வை திரும்பியது. களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று எழுதியவர்கள் பின்வந்தவர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். காந்த வரலாற்றின் இருண்ட காலத்தைப் பற்றி அப்படி யாரும் சண்டைக்கு வரமுடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஃகு நாலணா உற்சாகமாக ஒட்டும்; ஆனால் 2011 ஜூன் 30க்குப் பிறகு கடையில் செல்லாது. ஓடுகிற காசு சில ஒட்டாமலும் ஒட்டுகிற காசு சில ஓடாமலும் போகும் இந்நிலையைப் பொருளாதார அறிஞர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 1870களில் கொற்கையையும் காயலையும் தோண்டிப் பார்த்த கால்டுவெல் காந்தத்தை அல்ல, மண்வெட்டியை நம்பினார். முறையியல் நோக்கில் அவர் செய்தது சரியே. 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கர நீராடலில் விழுந்த எஃகுக் காசை மண்வெட்டியால் எடுத்திருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறாவது இரண்டு ரூபாய் காந்தத்தில் டக்கென்று ஒட்டியதுமே பையன் சட்டத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறான். ஆட்சியர் அலுவலகமும் கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. எதிர்க்கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். மனுவை நனையாமல் கொண்டுசேர்ப்பது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.