வைப்பர் மோட்டாரும் மில்லிங் அண்ணனும்

மில்லிங் மெஷின் டேபிளை 600 மி.மீ. நகர்த்த, 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் ஹேண்டிலை 120 முறை சுற்ற வேண்டும். அத்தனை சுற்றையும் மருதமலைக் கோயிலில் சுற்றியிருந்தால் முருகன் இந்நேரம் ஒரு சி.என்.சி. மெஷினே அருளியிருப்பான்.

சும்மா சுற்றினாலும் போதாது, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். நாலு பல் உள்ள 12 மி.மீ. எண்ட் மில்லில் மைல்டு ஸ்டீலை வெட்டும்போது ஃபீட், அதாவது டேபிள் நகரும் வேகம், நிமிடத்துக்கு 130 மி.மீ. என்றால், ஹேண்டில் 26 சுற்று. கை நின்றால் கட்டர் வெட்டாமல் அந்த இடத்தையே தேய்க்கும், கோடு விழும். கோவை கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறையில் வெட்டிய ஜாப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டீ வந்த இடம், கடன்காரர் போன் செய்த இடம் எல்லாம் வரிவரியாகத் தெரியும்.

டேபிளைத் தானாக நகர்த்தும் ஆட்டோ ஃபீட் என்ன விலை என்று கடையில் கேட்டேன். கேட்டதற்கே ஜி.எஸ்.டி. போட்டுவிடுவார்களோ என்று பயந்து போனை வைத்துவிட்டேன்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் 12 வோல்ட் கார் வைப்பர் மோட்டார் கிடைத்தது. உள்ளேயே வார்ம் கியர் இருப்பதால் மெதுவாகச் சுற்றும், இழுவை அதிகம். மின்சாரத்துக்குப் பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.; வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு சின்ன போர்டு. மெஷின் ஓட்டும் அண்ணன் எல்லாவற்றையும் சுற்றி வந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, மழை வந்தாத் தொடைக்கற மோட்டாருங்க இது. இரும்பைத் தள்ளுமாக்கும்?”

“தள்ளும்ங்கண்ணா.”

தள்ளத்தான் செய்தது. பின்னால் வருவதில்தான் வில்லங்கம். காருக்கு ஒரே பக்கம் சுற்றினால் போதும் என்பதால், இந்த மோட்டாரில் நெகட்டிவ் வயர் உடம்போடு சேர்ந்தே இருக்கும். ரிவர்ஸ் போட வயரை மாற்றினால் மெஷின் முழுக்க ஷார்ட், எஸ்.எம்.பி.எஸ். படக்கென்று கண்ணை மூடிக்கொள்ளும். மோட்டாரை நைலான் பிளேட்டில் ஏற்றி, போல்ட்டுகளுக்கும் நைலான் புஷ் போட்ட பிறகுதான் அது கண் திறந்தது.

அடுத்தது கிளட்ச். வார்ம் கியருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மோட்டார் சுற்றினால் தண்டு சுற்றும், தண்டைப் பிடித்துச் சுற்றினால் அசையாது. அப்படியே பூட்டிவிட்டால் ஹேண்டில் அலங்காரப் பொருள்தான். வேண்டும்போது கழற்றிவிட, பல் வெட்டிய இரண்டு வளையங்கள் தேவை. பிராக்கெட்டும் தேவை. இவற்றையெல்லாம் வெட்டியது அதே மெஷினில், அதே ஹேண்டிலைக் கையால் சுற்றி. அண்ணன் தோளில் தைலம் தடவிக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். கை சுற்றாமல் இருக்க அவர் சுற்றிய சுற்றை நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருப்பார், முகத்தில் தெரிந்தது.

டேபிளின் இரண்டு முனையிலும் லிமிட் ஸ்விட்ச் போட்டோம். வைஸ் எது, ஜாப் எது என்று மோட்டாருக்குத் தெரியாது; விட்டால் கட்டரை வைஸுக்குள்ளேயே அனுப்பிவிடும்.

இப்போது வெட்டிய முகம் ஒரே சீராகப் பளபளக்கிறது. டீ வந்ததற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. அண்ணன் மட்டும் டீ கிளாஸோடு மெஷினை விட்டு நகராமல் எதையோ அளந்துகொண்டிருந்தார்.

“தம்பி, டேபிளை மேல ஏத்தறதுக்குத்தானுங்க முதுகு ஒடியுது. அதுக்கு லாரி ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டா என்னங்க?”

“அது அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல ஓடினாலே எரிஞ்சு போயிரும்ங்கண்ணா.”

“அதானுங்களே எனக்கும் சந்தேகம்” என்றவர், பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். “அதனாலதான் ரெண்டு வாங்கியாந்துட்டேன்.”