அசைபோடும் பதில்கள்

கேள்வி: பசுவுக்கு எத்தனை வயிறு?
– பள்ளி மாணவி, விருத்தாசலம்

பதில்: ஒன்றே ஒன்று. அதில் நான்கு அறைகள். என் வீட்டுக்காரர் கணக்கில் நான்கு போர்ஷன்.

கேள்வி: சினிமா போஸ்டரைத் தின்றும் மாட்டுக்கு எப்படி வயிறு கெடுவதில்லை?
– ஆட்டோ ஓட்டுநர், சூளைமேடு

பதில்: படத்தையே செரித்தவர் நீங்கள், போஸ்டருக்கு ஆச்சரியப்படலாமா? தாளும் வைக்கோலும் ஒரே சரக்கு: செல்லுலோஸ். பின்பக்கத்து மைதாப் பசை தொட்டுக்கொள்ள. இதில் வேடிக்கை, செல்லுலோஸை உடைக்கும் வித்தை மாட்டுக்கே தெரியாது. முதல் அறையில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். நன்கு வளர்ந்த கலப்பினப் பசுவின் அந்த அறை 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஏழெட்டுக் குடம் என்று வையுங்கள். சூடு 39 டிகிரி. ஒரு மில்லி சாற்றில் ஆயிரம் கோடி பாக்டீரியா சாதாரணம். மாடு உள்ளே தள்ளியதை இவர்கள் நொதிக்க வைத்து அமிலமாக்குகிறார்கள். மாட்டின் சக்தியில் சுமார் 70 சதவீதம் அந்த அமிலங்கள் தருவதுதான். மிஞ்சும் மீத்தேன் ஏப்பமாகப் போகும். (பின்வழியாக என்று நினைத்து இதுவரை சிரித்தவர்கள் மாட்டிடம் மன்னிப்புக் கேட்கவும்.) பிறகு அந்த பாக்டீரியாக்களும் சாற்றோடு நகர்ந்து, கடைசி அறையில் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. வாடகையையும் வாங்கிக்கொண்டு குடித்தனக்காரனையும் விழுங்கும் வீட்டுக்காரர்! இந்தப் பக்கத்தை என் வீட்டுக்காரரிடம் யாரும் காட்ட வேண்டாம்; யோசனை வந்துவிடும்.

பாலிதீன் பை மட்டும் இந்த பாக்டீரியாக்களிடம் செல்லாது. 2019இல் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள்.

கேள்வி: அசைபோடும்போது மாடு என்ன யோசிக்கும்?
– வங்கி ஊழியர், கரூர்

பதில்: உங்கள் கவுன்ட்டரில் நிற்பவர்கள் யோசிப்பதைத்தான்.

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஒரு சட்டி நிறையப் பொங்கல் வைத்தேன். மறுநாள் மாடு அசைபோடவில்லை. கண் பட்டிருக்குமா?
– இல்லத்தரசி, ஒரத்தநாடு

பதில்: கண் படவில்லை அம்மா, பச்சரிசி பட்டிருக்கிறது. வைக்கோலை உடைப்பவர்கள் நிதானஸ்தர்கள். சோறும் வெல்லமும் ஒரேயடியாக இறங்கினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்ற அவசரக்காரர்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுவார்கள். வயிறு புளிக்கும், நிதானஸ்தர்கள் சாவார்கள், அசை நின்றுபோகும். புளிப்பு இரத்தத்தில் ஏறினால் மாடே போய்விடும். பூசணிக்காய் சுற்றுவதை விட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதலில் சமையல் சோடாவால் புளிப்பை முறிக்கப் பார்ப்பார். தேவைப்பட்டால், நன்றாக இருக்கும் வேறொரு மாட்டின் வயிற்றுச் சாற்றை எடுத்து உங்கள் மாட்டுக்குப் புகட்டுவார். முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் தயிர் தீர்ந்த நாளில் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய் உறைமோர் வாங்கியதில்லையா? அதேதான். அடுத்த வருஷம் ஓர் உருண்டையோடு நிறுத்துங்கள், சாமி கோபிக்காது.

கேள்வி: சவுண்டல் தழையை ஆட்டுக்கு அளவில்லாமல் போடலாமா?
– ஆடு வளர்ப்பவர், மணப்பாறை

பதில்: கூடாது. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு முடி கொட்ட வைக்கும். ஆனால் ஹவாய்த் தீவு ஆடுகள் அதையே வயிறுமுட்டத் தின்றுவிட்டுத் துள்ளித் திரிந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 1980களில் அந்த ஆட்டு வயிற்றுச் சாற்றைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கால்நடைகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் நஞ்சைத் தாங்கும் திறன் வந்தது. கடல் தாண்டிய உறைமோர்! வேலையைச் செய்த பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சேர்த்து ‘சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சி’ என்று வைத்தார்கள். நானும் வருஷக்கணக்காக எழுதுகிறேன். என் பெயரை ஒரு முட்டுச்சந்துக்குக்கூட யாரும் வைக்கவில்லை.

கேள்வி: ஆரோக்கியமான மாட்டின் இரத்தத்தில் கிருமியே இருக்காதல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரக்கோணம்

பதில்: பளபளப்பை நம்பாதீர்கள் ஐயா. 1910இல் தென்னாப்பிரிக்காவில் அர்னால்ட் தெய்லர் என்ற விஞ்ஞானி, மாட்டின் சிவப்பணுக்களில் ஓரமாக ஒட்டியிருந்த புள்ளிகளை விவரித்து ‘அனாபிளாஸ்மா மார்ஜினாலே’ என்று பெயர் வைத்தார். நோட்டில் நீங்கள் போடச் சொன்ன அதே மார்ஜின்தான். அது ஒரு பாக்டீரியா என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. உண்ணி கடித்து ஏறும். காய்ச்சலும் சோகையும் கண்டு பிழைத்த மாடு பழையபடி தின்னும், கறக்கும். கிருமி மட்டும் ஆயுள் முழுக்க இரத்தத்தில் தங்கிவிடக்கூடும். வயிற்றில் இருப்பவர்கள் ஒப்பந்தம் போட்ட குடித்தனக்காரர்கள். இது கேட்காமல் திண்ணையில் வந்து படுத்தது. அதனால்தான் ஒரே ஊசியால் பட்டி முழுக்கக் குத்தக் கூடாது.

கேள்வி: கோழிக்கறியை எத்தனை முறை கழுவ வேண்டும்?
– புதுமணத் தம்பதி, ஆவடி

பதில்: பூஜ்யம். கோழியின் குடலில் சாதுவாக இருக்கும் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா, தெறிக்கும் தண்ணீரோடு சிங்க் முழுக்கப் பரவி உங்களுக்குப் பேதியாகும். நன்றாக வேகவிடுங்கள்.

கேள்வி: நோயே இல்லாத கோழிக்குத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது சரியா?
– கோழிப் பண்ணையாளரின் மகன், பல்லடம்

பதில்: தம்பி, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. சரியல்ல. கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறெதற்கும் அடங்காத தொற்றுக்கு, ஐ.சி.யூ.வில் கடைசியாகக் கை வைப்பது. அதைத்தான் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். தினமும் சிறிது மருந்து போனால், குடலில் சாகாமல் தப்பியவை மட்டும் பெருகும். 2015இல் சீனாவில் பன்றிகளிடம் கோலிஸ்டினை முறியடிக்கும் மரபணு அகப்பட்டது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. 2019இல் இந்தியா உணவுக்கான கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. வேறு வழியும் உண்டு. பின்லாந்தில் நூர்மி, ரந்தாலா என்ற விஞ்ஞானிகள் 1973இலேயே, தாயைப் பார்க்காமல் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளுக்கு வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வந்த சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமிக்குப் பெரும்பாலும் இடமில்லாமல் போயிற்று. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கோபித்தால் என்மேல் பழி போடுங்கள்.

கேள்வி: அடுத்த பிறவியில் என்னவாகப் பிறக்க ஆசை?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: பசுவின் முதல் அறையில் பாக்டீரியாவாக. சாப்பாடு தேடி வரும், அட்வான்ஸ் கிடையாது. கடைசியில் விழுங்கிவிடுவார்கள்தான். ஆனால் சுவரில் ஆணி அடித்ததற்குத் தனியாகப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.