சைத் தென்றல்

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு, இதழை வடிவமைக்கிற தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் அட்டைப்படம் வந்தது. "சார், ஓகேவா?" என்ற கேள்வியோடு, என் பதிலுக்குக் காத்திராமல் அவனே போட்டுக்கொண்ட கட்டைவிரல் ஒன்றும் வந்தது. அன்று சந்தை நாள். காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை கொடுக்கிற எந்த வேலையும் ஆடு, மாடு எல்லாம் கைமாறி முடிந்த பிறகுதான் நடக்கும். ஆகவே தாமதத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. படத்தைப் பற்றித்தான்.

எங்கள் பள்ளி இசை மன்றத்தின் மாணவர் இதழ், முதல் மலர், முதல் அட்டை. கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்: தாமரை, குத்துவிளக்கு, வீணை, கிதார், ஹெட்போன் மாட்டிய வெளிநாட்டுக் குழந்தை, மயில், மயிலுக்குப் பின்னால் உதயசூரியனா அஸ்தமன சூரியனா என்று சொல்ல முடியாத ஒரு சூரியன். எங்கள் பிள்ளைகள் வாசிக்கிற பம்பை மட்டும் இல்லை. போகட்டும். பத்து நாள் சண்டை போட்டு "இசைத் தென்றல்" என்று பெயர் வைத்திருந்தோம். அதில் 'இ'யைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஜிலேபியை நட்டிருந்தான்.

எந்த ஜிலேபி என்று உங்களுக்குத் தெரியும், இசை என்றதும் எல்லோரும் போடுகிற அந்த மேல்நாட்டுச் சுழி. விளைவு, என் மனைவி கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுப் படித்தாள்: "சைத் தென்றல்." பிறகு, "சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

ஒரு மாணவர் இசை இதழின் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஒரே ஒரு விஷயம்தான், இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஜிலேபியை மட்டும் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அது படம் இல்லை, எழுத்து. ஆங்கில 'ஜி'யை நூற்றாண்டுக் கணக்கில் ஆளாளுக்குச் சுழித்துச் சுழித்து அந்தக் கதிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐந்து கோடு போட்டு, கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி அந்தச் சுழி உட்கார்ந்தால், 'இந்தக் கோட்டில் வருகிற ஸ்வரத்துக்குப் பெயர் ஜி' என்று அர்த்தம். அதன் உத்தியோகம் அவ்வளவுதான். கோடே இல்லாத இடத்தில் அதை நிறுத்துவது, மாந்தோப்புக்கு நடுவில் 'காரிமங்கலம் 2 கி.மீ.' என்று கல் நடுகிற மாதிரி. எங்கிருந்து இரண்டு? எந்தப் பக்கமாக?

ஆனால் நட்டிருக்கிறோம். பாட்டு வகுப்புப் பலகையில் நட்டிருக்கிறோம். ஆர்கெஸ்ட்ரா வேனின் இரண்டு பக்கமும், பின்கதவிலும் நட்டிருக்கிறோம். நாதஸ்வரக் குழுவின் விசிட்டிங் கார்டில், கல்யாணப் பத்திரிகையில் 'இன்னிசைக் கச்சேரி' என்கிற வரிக்குப் பக்கத்தில், திருவிழா பேனரில் அம்மனுக்கும் உபயதாரருக்கும் இடையில் கிடைத்த ஒரு சாண் இடத்தில் எல்லாம் நட்டிருக்கிறோம். தருமபுரி போகிற வழியில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் பார்த்தேன். மேளக்காரர் ஒருவர் காலமாகிவிட்டார். படத்துக்கு மேலே இரண்டு புறா, கீழே இரண்டு ஜிலேபி. ஐம்பது வருஷம் தோலில் அடித்துப் பிழைத்த மனிதர். ஐந்து கோட்டை அவர் கண்டது ரூல்டு நோட்டில் மட்டும்தான் இருக்கும். பந்தலில் துக்கம் விசாரிக்கிறவர்களோடு அந்த இரண்டு ஜிலேபியும் ஏன் நின்றன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதில் இடவலப் பொருத்தம் வேறு பார்க்கிறார்கள். வலப்பக்கம் ஒன்று வைத்தால் இடப்பக்கமும் ஒன்று வேண்டுமாம், யாளி மாதிரி. அதற்காக இடப்பக்கத்து ஜிலேபியைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். கூடவே பறக்கிற குட்டி ஸ்வரங்களையும் திருப்பிவிடுகிறார்கள். அந்த ஸ்வரத்தின் காம்பில் தொங்குகிற கொடி, காம்பு மேலே போனாலும் கீழே போனாலும், வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். அது மேல்நாட்டு இசையின் இலக்கணம். எங்கள் அட்டையில் பாதிக் கொடிகள் இடப்பக்கம் பறந்தன. 'க'வைத் திருப்பி எழுதினால் தமிழாசிரியரான நான் பிரம்பைத் தேடுவேன். (இப்போது தேடக்கூடாது. மனதளவில் தேடுவேன்.)

தம்பியிடம் போனில் கேட்டேன். வடிவமைக்கிற தம்பி நல்ல பையன், கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டான், கேட்டதைச் செய்யவும் மாட்டான். "சார், இளையராஜா சாரே அதுலதானே எழுதறாரு?" என்றான். ஒரு நிமிஷம் என்னால் பேச முடியவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு இந்த மாவட்டத்தில் யாராலும் பேச முடியாது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "அவர் அஞ்சு கோடு போட்டுத்தான் எழுதறார் தம்பி" என்றேன். "அப்ப அஞ்சு கோடும் போட்டுடலாம் சார்" என்றான். பத்து நிமிஷத்தில் போட்டும் விட்டான், அலை அலையாக. மயிலின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

மேல்நாட்டு இசை நமக்கு ஆகாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். முத்துசாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கே சாகித்தியம் செய்தவர். சின்னசாமி முதலியார் 1893-இல் நம்முடைய கீர்த்தனைகளை அந்த ஐந்து கோட்டுக்குள் எழுதி அச்சிட்டவர். அவர்கள் படித்துவிட்டு எழுதினார்கள். நாம் வாழை மரம் கட்டுகிற மாதிரி கட்டுகிறோம், குலை தள்ளியதா என்று பார்ப்பதில்லை.

ஜிலேபி முடிந்தது. இல்லை, இன்னும் ஒன்று உண்டு. உள்பக்கங்களில் எழுத்துக்குப் பின்னால் அதையே வெளிறவைத்துப் படுக்கப் போட்டிருந்தான். அது பிறகு.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறதல்லவா, அதில் எங்கள் பிள்ளைகள் பம்பை அடித்துப் பரிசு வாங்கிவிட்டார்கள். பரிசு வாங்கினால் மலர் போட வேண்டும் என்பது விதி. "தேன்சிட்டு, ஊஞ்சல்னு அரசாங்கமே பிள்ளைங்களுக்குப் பத்திரிகை போடுது, நாமளும் போடுவோம் தமிழய்யா" என்றார் தலைமையாசிரியர். எங்களிடம் இசை ஆசிரியர் இல்லையே என்றேன். "இயல், இசை, நாடகம் மூணும் தமிழ்தானே?" என்றார். இதற்குப் பதில் சொல்லத் தொல்காப்பியரே வந்தாலும் முடியாது.

பெயர் வைப்பதிலேயே என் மரியாதை போய்விட்டது. ஏழு ஸ்வரத்துக்கும் பழந்தமிழில் பெயர் இருக்கிறது, அதில் ஒன்றை வைப்போம் என்று ஆசிரியர் அறையில் சொல்லித் தொலைத்தேன். வரிசையாகக் கேட்டார்கள். குரல்: ஏற்கெனவே திருக்குறள் மன்றம் இருக்கிறது, குழப்பம் வரும். (குரலும் குறளும் வேறு என்றேன். எழுதும்போது யார் பார்க்கிறார்கள் என்றார்கள்.) துத்தம்: அது மயில்துத்தமா என்று கெமிஸ்ட்ரி டீச்சர் கேட்டார். கைக்கிளை: ஒருதலைக் காதல், பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. விளரி: கேட்டால் பலவீனமாக இருக்கிறது. தாரம்: பி.டி. சார் சிரித்தார், அதோடு அது முடிந்தது. இளி என்று சொல்லும்போதே எல்லோரும் இளித்துவிட்டார்கள். தலைமையாசிரியருக்கு உழை மட்டும் பிடித்திருந்தது. "நல்ல கருத்து, பிள்ளைங்க உழைக்கணும்" என்றார். அந்தப் பயத்தில்தான் தென்றல் என்று நானே சரணடைந்தேன்.

அடுத்த குற்றவாளி நான். இதை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சனிக்கிழமை தோறும் தருமபுரிக்குப் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். ஒரு கீதத்துக்கு ஸ்வரம் எழுதிக் கொடுத்திருந்தாள். பார்த்தால் ஒரு வரியில் நாலு காற்புள்ளி, மூன்று அரைப்புள்ளி. இருபத்தாறு வருஷமாக நான் ஒழிக்கப் பாடுபடும் வியாதி. சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கம் முழுக்க ஒன்று விடாமல் அடித்துக் கொடுத்தேன். பிள்ளை நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"ஐயா, அது நிறுத்தக்குறி இல்லீங்க. அந்த எடத்துல கார்வை. காற்புள்ளின்னா ஒரு அட்சரம் நிக்கணும், அரைப்புள்ளின்னா ரெண்டு."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கால், அரை. ஒன்று, இரண்டு. கணக்கு சரியாக வருகிறது. இத்தனை வருஷம் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நிறுத்து, அரைப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை என்று வகுப்பு வகுப்பாகக் கத்தியவன் நான். அதை உண்மையிலேயே கடைப்பிடிக்கிற ஒரே ஆளைக் கண்டதும் அடித்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்பினால் தம்பி வேறு ரகக் குளறுபடி செய்தான். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தலையில் புள்ளி வைக்க வேண்டும். தமிழில் தலையில் புள்ளி வைத்தால் உயிர் போய் மெய்யாகிவிடும், அது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். பிள்ளை மேல் ஸட்ஜம் என்று எழுதினாள், கம்ப்யூட்டர் 'ஸ்' என்று போட்டது. மூன்று மேல் ஸட்ஜம் தொடர்ந்து வந்த இடத்தில் 'ஸ் ஸ் ஸ்' என்று நின்றது, குக்கரை இறக்கு என்பதுபோல. கீழ் ஸ்தாயிக்குப் புள்ளி அடியில் வர வேண்டும். தம்பியிடம் இருப்பது கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த பேஜ்மேக்கர், அதற்கு அடியில் புள்ளி வைக்கத் தெரியாது, பக்கத்தில் வைத்துவிட்டது. 'நி. த. ப.' என்று வருகைப் பதிவேட்டில் இனிஷியல் மாதிரி நின்றது. எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி வைத்து ஈயத்தில் அச்சுக் கோத்தார்கள். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் இசை நூல் அச்சிட்டார். நமக்கு ஒரு புள்ளியை அடியில் வைக்க முடியவில்லை. மயிலின் தோகைக்கு மட்டும் மூன்று விதமான பளபளப்பு வைக்க முடிகிறது.

பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலாகத்தான் வளரும். எங்களுக்கு வசூலானது முப்பத்திரண்டு பக்கத்துக்குக் காசு. அதில் வாழ்த்துரை ஒன்பது பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்போர்ட் படம், ஒரு கையெழுத்து, தாராளமான இடம். ஒன்பதில் ஆறு, 'இசைக்கு இசையாதார் யார்' என்று தொடங்குகின்றன. ஒன்பதையும் எழுதியவன் நான்தான். எந்தப் பள்ளியிலும் தமிழாசிரியர்தான் எழுதுவார், எல்லோருக்கும் தெரிந்த கதை. விளம்பரம் ஏழு பக்கம். மிச்சத்தில் பிள்ளைகள்.

என் சின்ன வயதில் சந்தையில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். ஒரே மையில் அடித்த மட்டக் காகிதம். மேலே படத்தின் பெயர், மசமசவென்று கதாநாயகன், கீழே 'ஆண்', 'பெண்', 'இருவரும்'. கடைசியில் பாதிக் கதை சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்வார்கள். அதில் ஒரு பூ கிடையாது, ஏனென்றால் மைக்குக் காசு. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஊரே பாடியது. எங்கள் மலரை வைத்துக்கொண்டு யாரும் பாட முடியாது, விசிறிக்கொள்ளலாம். வழவழத் தாள், நல்ல காற்று வரும்.

உண்மையில் எனக்கு வயிறெரிவது பதினேழாம் பக்கத்தைப் பார்த்துத்தான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாத்தா பம்பைக்காரர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம். அதற்கு ஐந்து கோடும் கிடையாது, ஸ்வரமும் கிடையாது. பையன் கணக்கு நோட்டின் கட்டங்களில் எழுதிக்கொண்டு வந்தான். இந்தக் குச்சிக்குக் கறுப்பு வட்டம், அந்தக் குச்சிக்கு வெள்ளை வட்டம், அடிக்காத இடத்துக்கு வெறும் கட்டம். மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தேன். இசை தெரியாத என் விரலில் சாமி வந்துவிட்டது. இந்த முப்பத்திரண்டு பக்கத்திலும் வடிவமைப்பு என்று சொல்லத்தக்கது அந்த ஒன்றுதான். அதைச் செய்தவனுக்கு வயது பன்னிரண்டு.

புரூஃபில் வட்டங்கள் எல்லாம் இருந்தன, நெருக்கியடித்துக்கொண்டு. வெறும் கட்டங்களைக் காணோம். "அது சும்மா காலியா இருந்துச்சு சார், எடத்த அடைக்குது, எடுத்துட்டேன்" என்றான் தம்பி. மிச்சமான அரைப் பக்கத்தில் ஒரு தபலா படம். எல்லாவற்றுக்கும் பின்னால், வெளிறிப்போய்ப் படுத்திருந்தது ஜிலேபி. தாத்தாவின் தாளத்தை இப்போது அடித்தால் சந்தை விட்டு ஓடுகிற ஆட்டுக்கூட்டம் மாதிரி இருக்கும். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சிவப்புப் பேனாவால் நான் அடித்த காற்புள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கட்டங்களைத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறேன். வைக்கிறேன் என்றிருக்கிறான். அட்டையைப் பற்றி நான் சொல்வதாக இருந்த விஷயத்தையும் அப்போதே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், உங்களிடமும் இப்போது சொல்ல வேண்டும். அதற்குள் மறுபடி போன் அடித்துவிட்டது.

"சார், பொறுப்பாசிரியர் பக்கத்துல உங்க மேட்டருக்குக் கீழ ரெண்டு இஞ்ச் காலியா இருக்கு. என்ன வெக்கட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம் தம்பி. காலியாவே இருக்கட்டும்."

"காலியா விட்டா நல்லாருக்காது சார்."

மணி பதினொன்றே முக்கால். எங்கள் ஊர் அருணேசுவரர் கோயில் மலையில் மட்டும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் அனுப்பிய படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். அதையும் எடுத்து அந்த ரெண்டு இஞ்சில் வைத்துவிட மாட்டான் என்று நம்புகிறேன்.