பொன்னாடை வாரம்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் விழா எடுத்தார்கள். வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை, வாழ்த்துரை நால்வர், பொன்னாடை ஏழு. புத்தகம் பற்றிப் பேச வந்த பேராசிரியருக்கு, “நேரமின்மை காரணமாக” மூன்றே நிமிடம். வாசகர் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது. அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் இவ்வளவும் நடந்தது.

கூட்டம் கலைந்ததும் நூலகரிடம், “படிக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார்” என்றேன். நிமிராமலே, “குரூப் 4-ஆ, குரூப் 2-ஆ?” என்றார்.

“நாவல் சார்.”

இப்போது நிமிர்ந்து பார்த்தார். சாவி தேடி, பீரோ திறந்து, தூசி தட்டி ஒன்றை நீட்டினார். பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1998.

சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம். அடுத்த ஆண்டு அந்த நாவலுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தலாம். தூசியாவது படியாமல் இருக்கும்.