ஆய்வேட்டுக்கு லாடம் கட்டுதல்: சேலம், நாமக்கல் வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் எல்லை: வடக்கே கருப்பூர், கிழக்கே ஆத்தூர், மேற்கே திருச்செங்கோடு, தெற்கே காவிரி. கருப்பூரை எல்லைக் கல்லாக நட்டதற்குக் காரணம் உண்டு. 1966இல் தோன்றிய அரசு பொறியியல் கல்லூரியும் 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கின்றன. மரவள்ளி போலவே ஆய்வேடும் இந்த மண்ணில் நன்றாக விளைகிற பயிர். ஆய்வுக் காலம், என் மனைவியின் கணக்குப்படி, வீணாய்ப் போன ஐந்து மாதம். மாதிரி அளவு ஒன்று, அதாவது நான். புள்ளியியல்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

முன்னாய்வுகள் ஏதும் இல்லை. ஆய்வேட்டை எப்படி வடிவமைப்பது என்று என் நெறியாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் கடைசி வாரத்துல பாத்துக்கலாம் தம்பி" என்றார். இத்துறையில் நிலவும் ஒரே கோட்பாடு இதுதான். பிழையான கோட்பாடு என்பதைக் கீழே நிறுவுகிறேன்.

முதலில் பெயராய்வு. ஆய்வேட்டை அச்சுக்கோக்கும் மென்பொருளான லாடெக்கின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் ரப்பர் பால் என்றே படிக்க வரும். நான் லாடெக் கற்றுக்கொள்கிறேன் என்றதும் என் அத்தை, "ரப்பருக்கெல்லாம் கன்னியாகுமரிப் பக்கம் போகோணும் கண்ணு, நம்ம காட்டுல அது வராது" என்றார். வேளாண்மை நோக்கில் அத்தை சொன்னது முழுக்கச் சரி. மொழிநூல் நோக்கில்தான் இடிக்கிறது. அடிச்சொல் டெக், கலையையும் தொழில்நுட்பத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கடைசி எழுத்து எக்ஸ் அல்ல, கிரேக்கத்தின் கை. அதைச் சரியாக உச்சரித்தால் கணினித் திரையில் லேசாக ஈரம் படியும் என்று டெக் மென்பொருளை ஆக்கிய டொனால்டு கனூத்தே எழுதிவைத்திருக்கிறார். இந்த ஒலிக்காக வெள்ளைக்காரர்கள் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். நமக்கென்ன கஷ்டம்? ஆய்த எழுத்து இருக்கிறது. எஃகு என்று ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவருக்கு டெஃக் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரும்பாலை உள்ள ஊர்க்காரர்களுக்கு இது பிறவிச் சலுகை.

முன்னால் நிற்கும் 'லா', 1980களில் டெக்கின்மேல் லாடெக்கைக் கட்டிய லெஸ்லி லாம்போர்ட்டின் பெயர்த் தலை என்பது மேலைநாட்டார் துணிபு. சந்தைப்பேட்டைப் பக்கம் வளர்ந்த என் துணிபு வேறு. அது லாடம். காலைக் கட்டிக் கீழே தள்ளி, ஆணி அடித்து எழுப்பிவிட்டதும் மாடு எப்படி எட்டுவைக்குமோ, அப்படித்தான் ஆய்வு மாணவர் சமர்ப்பிக்கும் நாளில் நடந்து போகிறார்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வேர்டில் எழுதுவது குழம்பு வைப்பது மாதிரி. அடிக்கடி கரண்டியில் எடுத்து ருசி பார்த்துக்கொள்ளலாம். லாடெக் இட்லிப் பானை. கட்டளைகளை ஊற்றி மூடிவிட வேண்டும். ஆவி வந்து திறந்தால்தான் தெரியும், இட்லியா கல்லா என்று.

கனூத் இதில் இறங்கிய கதையை ஆய்வு மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1977இல் தம் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்தார். ஈய எழுத்தில் முத்து முத்தாக இருந்த பக்கம், புதிய ஒளியச்சு முறையில் பல்லிளித்தது. நாமாக இருந்தால் அச்சகத்தானை நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அவர் நூலை நிறுத்திவிட்டு, அச்சுக்கோக்கும் மென்பொருளை எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடியும் என்று நினைத்தது பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. தாமதத்துக்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் கிடைக்காது. நான் இரண்டு முறை நீட்டிப்பு கேட்டபோதும் இதைத்தான் காட்டினேன். செல்லவில்லை.

லாடெக் கோப்பின் முதல் வரி ஆவண வகுப்பு. அது என்னவென்று நாமக்கல்லில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. அது லாரி சேசிஸ். கம்பெனியிலிருந்து என்ஜினும் சட்டமும் சக்கரமுமாக மொட்டையாக வந்து சேரும். பாடி கட்டுவது பட்டறையில். லாடெக்கின் பட்டறைக்கு ப்ரியாம்பிள் என்று பெயர். முகப்பு நிரல் என்று சொல்லிக்கொள்வோம். இதை யாரும் சொந்தமாக எழுதியதாகத் தகவல் இல்லை. உறைமோர் மாதிரி வீடு வீடாகக் கைமாறி வருவது. முதல் பால் எந்த மாட்டுடையது என்று எவருக்கும் தெரியாது. எனக்குக் கிடைத்ததில் 43 யூஸ்பேக்கேஜ் வரிகள் இருந்தன. அதில் ஒன்று சதுரங்கப் பலகை வரைவதற்கானது. என் ஆய்வுக்கும் சதுரங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. எடுத்துப் பார்த்தேன், பொருளடக்கம் காணாமல் போனது. மறுபேச்சில்லாமல் திரும்பப் போட்டுவிட்டேன்.

படங்கள் மிதக்கும். இங்கே வை என்றால் வைக்காது. எங்கே பொருந்துமென்று அதற்குத் தோன்றுகிறதோ அங்கே வைக்கும். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் விரைவு வண்டியில் ஏறி மல்லூரில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். ஆண்டகளூர் கேட்டில் நிற்கும். சத்தம் போட்டால் புதுச்சத்திரம். படக் கட்டளையில் சிறிய எச் போட்டால் "இங்க நிறுத்துங்க". கூடவே வியப்புக்குறி போட்டால் "இங்கதானுங்க!". தனித் தொகுப்பு ஒன்றைச் சேர்த்துப் பெரிய எச் போட்டால், ஓடுகிற வண்டியிலிருந்து குதிப்பது. படம் கேட்ட இடத்தில் வரும். முந்தைய பக்கம் பாதி வெள்ளையாய்க் கிடக்கும்.

அட்டவணைக்கு நான் நம்பியது முட்டை அட்டையை. 5க்கு 6, முப்பது குழி. எண்ணி வைத்தால் தீர்ந்தது. லாடெக் அட்டவணையில் ஒரு உம்மைக் குறி (&) கூடினால் போதும், அட்டையே கவிழ்ந்துவிடும். மேற்கோள் எண்களோ ஒரே சுற்றில் வருவதில்லை. லாடெக்கை ஒரு முறை, பிப்டெக்கை ஒரு முறை, மறுபடி லாடெக்கை இரண்டு முறை ஓட்ட வேண்டும். சுற்று குறைந்தால் மேற்கோள் எண்ணுக்குப் பதில் ஒற்றைக் கேள்விக்குறியும், தேற்ற எண்ணுக்குப் பதில் இரட்டைக் கேள்விக்குறியும் நிற்கும். "தேற்றம் ??இல் நிறுவியபடி" என்ற வரியோடு நெறியாளரிடம் போனேன். கணிதத்தில் அவ்வளவு நேர்மையான வாக்கியத்தைப் படித்ததில்லை என்றார்.

இனி இந்த ஆய்வின் மையம். டெக்கின் அளவு நுட்பம் நம்ப முடியாதது. அங்குலத்துக்கு 72.27 புள்ளி, புள்ளிக்கு 65,536 துணுக்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் 1,86,000க்கும் மேற்பட்ட துணுக்குகள் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம்கூட ஒரு துணுக்கைவிடப் பெரிது. ஒரு வரியை எங்கே முறிப்பது என்று முடிவுசெய்ய முழுப் பத்தியையும் எடைபோட்டுப் பார்க்கும். ஆங்கிலச் சொற்களை எங்கே ஒடிப்பது என்பதற்காகவே ஃபிராங்க் லியாங் கனூத்தின் கீழ் ஆய்வுசெய்து 1983இல் ஒரு ஆய்வேடு கொடுத்தார். இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்த கருவியை வைத்து நாம் செய்வது என்ன? தட்டச்சுப் பொறியில் அடித்த மாதிரி ஒரு பக்கம்.

பல்கலைக்கழக விதிப்புத்தகம் டைம்ஸ் நியூ ரோமன் கேட்கிறது. ஆகவே கனூத் தம் கையாலேயே வடித்த எழுத்துருவை முதல் வேலையாகத் தூக்கி எறிய வேண்டும். டைம்ஸ் நியூ ரோமன் 1932இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகச் செய்யப்பட்டது. குறுகிய பத்திக்குள் நிறையச் சொற்களை அடைப்பது அதன் பிறவிக் குணம். அதே விதிப்புத்தகம் அடுத்த வரியில் இரட்டை இடைவெளி கேட்கிறது. ஒல்லியான ஆளைத் தேடிப் பிடித்து மூன்று இருக்கையில் படுக்கவைப்பதற்குச் சமம். இரட்டை இடைவெளி எதற்கு வந்தது? தட்டச்சுப் பிரதியில் வரிக்கு நடுவே பேனாவால் திருத்துவதற்கு. அட்டை கட்டி, பொன்னெழுத்துப் பொறித்துக் கொடுத்த ஆய்வேட்டில் யார் வந்து திருத்தப்போகிறார்கள்? இடது ஓரம் அகலமாக இருப்பதற்காவது அட்டை கட்டும் தையல் ஒரு காரணம். மற்றவற்றுக்குக் காரணம், போன வருடமும் அப்படித்தான் இருந்தது என்பதே.

என் ஆய்வேடு திரும்பி வந்தது. திருப்பி அனுப்பிய அலுவலகம் ஆய்வெல்லைக்கு வெளியே இருப்பதால் பெயர் தேவைப்படவில்லை. உதவியாளர் மேசை இழுப்பறையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து ஓரத்தில் வைத்தார். 40 மில்லிமீட்டர், பிசகில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. 1,86,000 துணுக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பக்கத்தைப் புரட்டி, "ஏன் சார், எல்லாப் பக்கத்துலயும் நம்பர் மேல இருக்கு, சேப்டர் ஆரம்பிக்கற பக்கத்துல மட்டும் கீழ இறங்கிருச்சு?" என்றார். அத்தியாய முதல் பக்கத்துக்கு லாடெக் தனிப் பாணி வைத்திருக்கிறது. எண் கீழே நடுவில்தான் வரும். அழகுணர்ச்சி. அதை அலுவலகத்தில் விளக்க முடியாது.

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா வாங்கிப் பார்த்தார்.

"வேர்டு ஃபைல் இருக்குங்களா சார்?"

"இல்லீங்கக்கா, பிடிஎஃப்தான்."

"அப்ப எடிட் பண்ண முடியாதுங்களே. ஆறு சேப்டரு, ஆறு பக்கம். ஒயிட்னர் வச்சுக் கீழ அழிச்சுட்டு, மேல நம்பரை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் போட்டுட்டா யாருக்குமே தெரியாதுங்க. பத்து நிமிசம்."

தன்மானம் தடுத்தது. வீட்டுக்கு வந்து மூன்று ராத்திரி உட்கார்ந்து, ஃபேன்சிஹெடர் தொகுப்பில் இரண்டு வரி எழுதி எண்ணை மேலே ஏற்றினேன். இரண்டாம் முறை அக்கா முகத்தைப் பார்க்காமல்தான் பிரதி எடுத்தேன்.

இதெல்லாம் நம்மவர்களுக்கு வராத கலை என்று நினைக்க வேண்டாம். சென்னையிலும் புதுச்சேரியிலும் அயல்நாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. டெக் பயனர்களின் உலக மாநாடு 2002இல் திருவனந்தபுரத்தில் நடந்தது; சேலத்திலிருந்து ஒரு ராத்திரி ரயில். 2004இல் ஜொனாதன் கியூவின் ஸீடெக் வந்த பிறகு ஒருங்குறித் தமிழும் நேராக ஓடுகிறது. கொம்பும் காலும் பிரிந்துபோவதில்லை. ஆனாலும் நான் பார்த்த தமிழ்த்துறை நண்பர்களின் ஆய்வேடுகள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும்.

இவ்வளவும் முடிந்து, 200 பக்கத்தையும் ஒரே கோப்பாக ஒட்டவைத்த களிப்பில் இருந்தபோது ஷோத்கங்கா வந்தது. ஆய்வேடுகளை மின்வடிவில் சேர்த்துவைக்கும் தேசியக் களஞ்சியம். தலைப்பு, சான்றிதழ், உறுதிமொழி, அத்தியாயங்கள் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொன்னார்கள்.

பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை ஆய்வேட்டைப் படிக்க யாரும் கேட்கவில்லை. முகப்பு நிரலை மட்டும் ஏழு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள், சதுரங்கப் பலகையோடு சேர்த்து. வேண்டுவோர் பென்டிரைவுடன் வரவும். வைரஸ் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடவும்.