குறைபராமரிப்புக் கடல்நீர்ப் பவளத் தொட்டி: முட்டத்துப் பாறைகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

'குறைந்த பராமரிப்பில் வீட்டில் வளர்க்கத்தக்க கடல்நீர்ப் பவளத் தொட்டி' என்னும் தொடரில் ஐயத்துக்கு இடம் தராத சொல் 'தொட்டி' ஒன்றே; ஏனைய சொற்கள் ஒவ்வொன்றும் உரையாசிரியரை எதிர்நோக்கி நிற்கின்றன. 'வீடு' என்பது இல்லத்தையும் குறிக்கும், அறம், பொருள், இன்பத்துக்குப் பின் எண்ணப்படும் நான்காவது பேற்றையும் குறிக்கும். தொட்டி மீன்களுக்கு முதல் மாதத்திலேயே இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுவதால், இங்கு எப்பொருளைக் கொள்வது என்னும் சிக்கல் எழவே இல்லை. 'பராமரிப்பு' என்பது ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருளுக்காக அதே வீட்டில் உள்ள மற்றொருவர் நாள்தோறும் செய்யும் வேலை. 'குறைந்த' என்னும் அடைமொழி வேலையின் அளவைச் சுட்டுவதாகப் பொதுவாகக் கருதப்பட்டாலும், அவ்வேலையைச் செய்பவர் வாங்கியவரின் கண்ணில் படாத தொலைவைச் சுட்டுவதாகக் கொள்வதே பொருந்தும் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

திணை வகையில் இத்தொட்டி நெய்தலைச் சார்ந்தது. தொல்காப்பியம் நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாகவும் எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் வைத்தது; தொட்டியின் நீல விளக்கு பெரும்பாலும் வேலைவிட்டு வீடு திரும்பும் எற்பாட்டு வேளையில்தான் ஏற்றப்படுகிறது என்பதால் பொழுது பொருந்துகிறது. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலோ, காலையில் எழுந்து தொட்டியை எட்டிப் பார்ப்பவரின் முகத்தில் இலக்கணம் பிசகாமல் விளங்குவதால், அதற்குத் தனிச் சான்று வேண்டியதில்லை.

இனி, வடிவகணிதத்தார் முக்கோணம் ஒன்று இருப்பதாகக் கொள்வதுபோல, கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பாறையில் மோதும் அலையின் ஓசை சமையற்கட்டுவரை கேட்கும் தொலைவில், ஒரு வீடு இருப்பதாகக் கொள்க. அவ்வீட்டில் வளைகுடா நாட்டில் பத்தாண்டு வேலை பார்த்துத் திரும்பிய பேரன் ஒருவரும், மீன் விற்றே குடும்பத்தைக் கரையேற்றிய பாட்டி ஒருவரும் வசிப்பதாகவும் கொள்க. பேரன் 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றைச் சன்னலோரம் நிறுவுகிறார். சன்னலுக்கு வெளியே அரபிக்கடல் தெரிகிறது. விளிம்புவரை நிரப்பினால் இத்தொட்டி 182 லிட்டர் கொள்ளும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும் என்பதால், தொட்டிக்கு வேண்டிய உப்பு சுமார் 6.4 கிலோ. இந்த 6.4 கிலோவைப் பேரன் அயல்நாட்டுப் பொட்டலமாகத் தருவித்து, வடிகட்டி வாங்கிய நன்னீரில் கரைத்து, சன்னலுக்கு வெளியே இருப்பதைச் சன்னலுக்கு உள்ளே உண்டாக்குகிறார்.

இச்செயலை நகைப்புக்குரியதென்று தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது. வள்ளியாறு முட்டத்துக்கு அருகே கடியபட்டினத்தில் கடலோடு கலப்பதால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கரையோர நீர் செம்மண் கலங்கி உப்புக் குறைந்து கிடக்கும். ஆனி ஆடியிலோ குடத்தோடு பாறையில் இறங்குபவர் குடத்தோடு ஏறிவருவார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே பொட்டல உப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் குவிந்து கிடக்கும் உள்ளூர் உப்பைக் கொண்டு கடலைத் திரும்பச் செய்துவிடலாமே என்று பாட்டி எழுப்பக்கூடிய வினா கூர்ந்து நோக்கத்தக்கது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணச்சத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடுகிறது; அதன்பின் சோற்றுப்பு படிகமாகிறது; மக்னீசியம் கடைசிவரை கரைந்தே நின்று கசப்பு நீரோடு வெளியேறிவிடுகிறது. பவளப்பூச்சி தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது சுண்ணச்சத்தால். அக்கட்டுமானம் நடக்க நீரின் சமநிலையைக் காத்துத் தருவது மக்னீசியம். உப்பளம் என்பது கடலிலிருந்து குழம்புக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் நிறுவனம். குழம்புக்கு ஆனது பவளத்துக்கு ஆகாது.

எனினும் குழம்பே இத்துறையின் முதல் ஆசான் என்பதை மறுக்க இயலாது. தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால், குறைந்த அளவைப் பேரன் மறுபடியும் உப்புநீரால் நிரப்பும்போது ஒவ்வொரு நாளும் 70 கிராம் உப்பு புதிதாகச் சேர்கிறது. ஏனெனில் நீர் பறக்கும், உப்பு பறக்காது. முப்பது நாளில் 2.1 கிலோ சேர்ந்து, 6.4 கிலோ 8.5 கிலோவாகி, லிட்டருக்கு 35 கிராம் என்பது 46 கிராமைத் தாண்டிவிடும். இவ்வுண்மையை அறிவதற்குப் பேரன் ஒளிவிலகல்மானி என்னும் கருவியை வாங்கினார். வற்றிய மீன்குழம்புக்கு வெந்நீர்தான் ஊற்ற வேண்டும், உப்புக்கரைசலை ஊற்றலாகாது என்பதைப் பாட்டி அறுபது ஆண்டுகளாக எக்கருவியும் இன்றி அறிந்திருந்தார். ஆனால் அவரிடம் கேட்க வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை.

தொட்டி நிறுவலின் அடுத்த கட்டம் மீனில்லாக் காலம் எனப்படும். மீன்கள் தம் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது மீனுக்கே நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொருவகைப் பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நஞ்சு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகின்றன. இவ்விரு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் கல்லும் நீரும் மட்டுமே இருக்கும். இக்காலத்தில் வீட்டுக்கு வருவோர் அனைவரும் "மீன் எங்க மக்கா?" என்று கேட்பதும், "பாக்டீரியா வளருது" என்று விடை வருவதும், கேட்டவர் பாட்டியைத் திரும்பிப் பார்ப்பதும், பாட்டி சுவரைப் பார்ப்பதும் மரபு. பொறுமையிழந்து இரண்டாம் வாரத்திலேயே மீன் விடுவோர் வீட்டின் இரண்டாம் பொருளை விரைவில் உணர்கின்றனர்.

குறைபராமரிப்புக் கொள்கையின் முன்னோடி, யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர். அவர் 1961-இல் வெளியிட்ட முறையில் நுரை வடிக்கும் பொறியோ சிக்கலான வடிகட்டியோ இல்லை. கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கல், கடல்நீர், சிறு காற்றுக்குமிழி, நல்ல வெயில் ஆகியவை மட்டுமே இருந்தன. கல்லின் நுண்துளைகளில் வாழும் உயிர்களே கழிவை உண்டு தீர்த்தன. இன்றும் பராமரிப்பு குறைய வேண்டுமென்போர்க்குச் சொல்லப்படும் அறிவுரை இதன் வழிவந்ததே: கல் நிறைய வை, மீன் குறைய விடு, இரை அதனினும் குறையப் போடு, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்று, அலையை நிறுத்தாதே. கடைசி விதி சற்று விளக்கத்துக்குரியது. பவளம் இடம்பெயராத உயிர் ஆதலால் அதற்கு உணவும் உயிர்வளியும் ஓடிவரும் நீரே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தொட்டியில் அதற்கென ஒரு மின்விசிறி நீருக்குள் இடைவிடாது சுழல்கிறது. பாரதிராஜா 1981-இல் முட்டத்தில் படமாக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' காதல் படமென்றே இதுவரை வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதன் தலைப்பு கடல்நீர்த் தொட்டி வளர்ப்போருக்கான தொழில்நுட்பக் கையேட்டின் முழுமையான சுருக்கம் என்பதைத் திரைத்துறை ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறினர்.

சட்டப் பகுதி சுருக்கமானது, ஆனால் கொடியது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பார்கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. அதாவது சட்டத்தின் பார்வையில் மன்னார் வளைகுடாவின் ஒரு துண்டு முருகைக்கல்லும் முண்டந்துறைப் புலியும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றன. ஆகவே இந்நாட்டுக் கடலின் பவளத்தை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர் புலியைக் கொண்டுவர நினைப்பவராகிறார். புலிக்கு மின்விசிறி வேண்டாம் என்பதொன்றே வேறுபாடு. இதனால் பேரனின் பவளத் தொட்டி, சிமென்டில் வார்த்த கல்லும், பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களும் கொண்ட பவளமில்லாப் பவளத் தொட்டியாக அமைந்தது. கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்காமல் முட்டையிலிருந்தே வளர்க்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் செய்துகாட்டியுள்ளனர் என்பது இப்பகுதியில் உள்ள ஒரே நற்செய்தி.

கடலருகே கடலைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் முட்டத்தில் தோன்றியதன்று. 1909-இல் சென்னை மெரினாவில் அருங்காட்சியக அதிகாரி எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது; வங்கக்கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் வங்கக்கடல் மீனைப் பார்த்த பெருமை சென்னை மக்களுக்கு உரியது. இதற்கும் முன்னே, இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் 1854-இல் வெளியிட்ட நூல் கடல்நீர்த் தொட்டியை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. தொட்டிகளை நிரப்பக் கூடையோடு கிளம்பிய கூட்டம் டெவன் கரையோரப் பாறைக் குட்டைகளை வழித்தெடுத்துவிட்டதை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் தம் நூலில் வருத்தத்தோடு பதிவுசெய்தார். தந்தையின் உரிப்பொருள் புணர்தல், மகனின் உரிப்பொருள் இரங்கல் எனத் திணை மயங்கிய குடும்பம் அது.

பாறைக் குட்டை என்ற சொல் வந்துவிட்டபடியால் இவ்வாராய்ச்சி அதன் இயல்பான இடத்துக்கு வந்து சேர்கிறது. முட்டத்தில் நீர் வற்றிய நேரத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகளில் இறங்கினால், உருளி அளவே உள்ள குழிகளில் கடல் தேங்கி நிற்பதைக் காணலாம். விளிம்பில் கொட்டலசு வெள்ளையாகச் சொரசொரக்கும். அதற்குக் கீழே பழுப்புநிறச் சிப்பிகள், கொல்லம் முதல் குமரிவரையான பாறைகளில் மிகுந்து காணப்படுபவை, பட்டுபோன்ற நாரால் கல்லைப் பற்றிக்கொண்டு வாய்திறந்து நீரை வடிகட்டிக்கொண்டிருக்கும். அடியில் செந்நிறமும் கருநிறமும் கலந்த மணல், மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் நிறுவனம் அரித்தெடுக்கும் அதே மணல், கையளவு படிந்திருக்கும். சங்குக்குள் குடியேறிய துறவி நண்டு ஒன்று, துறவிக்குப் பொருந்தாத பரபரப்போடு, பாசியைச் சுரண்டித் தின்னும். ஆள் நிழல் விழுந்தால் விரல் நீள மீனொன்று குழியிலிருந்து துள்ளி, ஈரப்பாறைமேல் தத்தி, அடுத்த குழியில் விழும்.

இக்குட்டைக்கும் பேரனின் தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தே கூற இயலும். கடல்பெருக்கு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதால், குட்டையின் நீர் வாரத்துக்குப் பதின்மூன்றரை முறை முழுமையாக மாறுகிறது; தொட்டியில் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மாறுகிறது. எனவே குட்டையின் பராமரிப்பு தொட்டியின் பராமரிப்பைக் காட்டிலும் 135 மடங்கு கூடுதல். ஆனால் குட்டையைப் போலப் பராமரிப்பே வேண்டாத ஒன்று உலகில் இல்லை என்றே பார்ப்பவர் அனைவரும் கூறுவர். இம்முரண்பாடு தொடக்கத்தில் கூறிய வரையறையால் தீர்ந்துவிடுகிறது: வேலை செய்பவர் வெகுதொலைவில், நிலவில், இருக்கிறார்.

பேரனின் தொட்டிக்கு நிலவுக்குப் பதிலாக வாய்த்தது மின்சாரம். சித்திரை மாதத்து இரவொன்றில் அது போனது. மின்விசிறி நின்றது, அலை ஓய்ந்தது, நீர் 31 பாகையைத் தொட்டது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் தமக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போனது கடல் இவ்வாறு சூடேறியதால்தான்; பேரனின் தொட்டியில் வெளுக்கப் பவளம் இல்லாததால் மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. சூடேறிய நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். பாட்டி எழுந்து, ஒரு செம்பால் தொட்டி நீரை மொண்டு, கை உயர்த்தி மீண்டும் அதிலேயே ஊற்றினார், மொண்டார், ஊற்றினார். இது விடியும்வரை நடந்தது. குறைந்த பராமரிப்பு என்பதற்கு இக்கட்டுரை தரக்கூடிய செயல்விளக்கம் இதுவே; பேரன் அப்போது மின்வாரியத்துக்குத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்தார்.

கோமாளி மீன்கள் பிழைத்தன. மறுவாரம் நாகர்கோவிலில் தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்கு அவை இனாமாகச் சென்றன. நீர் வடிக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டி, இரண்டு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்க்கப்பட்டு, காகமும் பூனையும் அண்டாத, உள்ளே வெயில் குறையாத நெத்தோலி உலர்த்தும் கூடாக இப்போது விளங்குகிறது. ஆவி பிடித்து மீன் வேர்க்காமலிருக்க ஒரு பக்கம் தேங்காய் மட்டை வைத்துத் தூக்கிவிடப்பட்டுள்ளது. மாலையில் மட்டையை எடுப்பதைத் தவிர இதற்கு வேறு பராமரிப்பு இல்லை. கள ஆய்வின் இறுதியில், இத்தொட்டி குறித்து முதன்முறையாகத் தம் கருத்தைத் தெரிவித்த பாட்டி கூறியது: "இன்னொண்ணு வாங்கிப் போடு மக்களே, சாளைக்கு ஆகும்."