தாடை வலியைப் பேணி வளர்ப்பது எப்படி?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே உருண்டையாக ஒன்று நகர்கிறதே, அதுதான் தாடை மூட்டு. வெறும் 'டிக்' சத்தம் பலருக்கும் உண்டு, அதில் பயனில்லை. கூடவே வலித்தால் வாழ்த்துகள்! இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்; பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது. வந்ததை விட்டுவிடாமலிருக்கச் சில யோசனைகள்:

1. பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல்வரிசையும் கீழ்வரிசையும் தொடத் தேவையே இல்லை. அதனாலென்ன? "இன்னிக்கும் சாம்பார்தானா?" என்று குரல் வந்தால், பதில் பேசாமல் கடைவாயை இறுக்குவதுதான் குடும்பப் பெண்ணுக்கு அழகு.

2. தேதி குறிக்காதீர்கள். இந்த மூட்டின் திசுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. மாதவிலக்கை ஒட்டி அந்த ஹார்மோன் மளமளவென்று இறங்கும்போது பலருக்கு வலி ஏறுகிறது. கர்ப்பகாலத்தில் குறைந்து, பிரசவத்துக்குப் பின் திரும்புவதும் உண்டு. பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த நாளும் காலண்டரில் இருக்கட்டும். வலித்த நாளை மட்டும் எழுதிவிடாதீர்கள். டாக்டருக்குத் துப்புக் கிடைத்துவிடும். சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையைப் பற்றியும் மூச்சு விடாதீர்கள்.

3. பல் டாக்டரைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் காது டாக்டர். "காது சுத்தமா இருக்கே" என்பார். பிறகு தலைவலி மாத்திரை. பிறகு பாவப்பட்ட ஒரு நல்ல பல்லைப் பிடுங்கலாம். காது உபாதையைத் தாடை மூட்டோடு சேர்த்து ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1934லேயே எழுதினார். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

4. சீடை, கரும்பு, சூயிங்கம் எதையும் ஒதுக்காதீர்கள். கைப்பேசியைக் கன்னத்துக்கும் தோளுக்கும் இடையே செருகிக்கொண்டே தோசை வாருங்கள்.

5. வெந்நீர் ஒத்தடம், குழைந்த சாதம், தாடைப் பயிற்சி, டாக்டர் சொன்னால் இரவில் பல்லில் மாட்டும் 'நைட் கார்டு' உறை என எதையும் அண்டவிடாதீர்கள். கத்தி வைக்காமல் இவற்றாலேயே பெரும்பாலோருக்குக் குணமாகித் தொலைக்கிறது.

ஒருநாள் வாய் பூட்டிக்கொள்ளும். மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாது. அன்றைக்கு டாக்டரிடம் போயே தீரவேண்டும். "எவ்வளவு நாளா வலிக்குதும்மா?" என்று அவர் கேட்டால், திறந்தவரைக்கும் வாயைத் திறந்து சொல்லுங்கள்: "இப்பத்தான் டாக்டர், ரெண்டு நாளா."